போனவர்களைப் பற்றிக் கேட்பது: பிணைப்புக் கோட்பாடும் நம் ஊர் உளசிகிச்சையும்

(நந்தனத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இப்போதெல்லாம் உளசிகிச்சையாளர்களான எங்களிடம் வரும் இளைஞர்கள் நோயின் பெயரையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில், “எனக்கு ஆங்ஷியஸ் அட்டாச்மென்ட் மேடம், அவருக்கு அவாய்டன்ட், அதான் ஒத்துவரல” என்று முடித்துவிடுகிறார்கள். இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல் பார்த்திருப்பார்கள், பத்துக் கேள்விக்கு விடை தட்டியிருப்பார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமையில்லை. இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்ததே ஆராய்ச்சியாளர்கள்தாம். 1980களில் அமெரிக்காவின் டென்வர் நகரத்து நாளேடு ஒன்றில் சிண்டி ஹசான், பிலிப் ஷேவர் என்ற இருவர் ஒரு காதல் வினாத்தாளை வெளியிட்டார்கள். மூன்று பத்திகள், உங்களுக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள், அவ்வளவுதான். அதற்கு வந்த 620 பதில்களை வைத்து 1987இல் எழுதிய கட்டுரைதான் பெரியவர்களின் ‘அட்டாச்மென்ட் ஸ்டைல்’ பற்றிய இன்றைய பேச்சுக்கெல்லாம் ஊற்று. ஹசானும் ஷேவரும் அதை ஒரு முதல் முயற்சியாகத்தான் முன்வைத்தார்கள். நாம் அதை ராசிபலன் ஆக்கிவிட்டோம்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்த ‘அட்டாச்மென்ட்’ பேச்சுக்கு அடிப்படையான பிணைப்புக் கோட்பாடு அன்பைப் பற்றிய கோட்பாடு என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொடுக்கிறது. அது பிறந்ததோ பிரிவுகளைப் பார்த்து. நம் வீடுகளின் கதையை அதைக்கொண்டு படிக்க வேண்டுமானால், “உங்கள் அம்மா எப்படி?” என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, யார் யார் உங்களைத் தூக்கினார்கள், அவர்களில் யார் போனார்கள், போவதை உங்களிடம் யாராவது சொன்னார்களா, திரும்பி வந்தபோது என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். அதே கேள்விகளைச் சிகிச்சை தருகிறவர் தன்னை நோக்கியும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தக் கோட்பாட்டை உருவாக்கிய ஜான் பௌல்பி 1907இல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அந்த வர்க்கத்து வழக்கப்படி அவரை வளர்த்தது பெற்ற தாயல்ல, மின்னி என்ற ஆயா. அவருக்கு நான்கு வயது நிறைவதற்குள் மின்னி வேலையை விட்டுப் போய்விட்டார். பிறகு சிறுவயதிலேயே விடுதிப் பள்ளி. இதிலிருந்துதான் கோட்பாடு வந்தது என்று கதை கட்டுவது எங்கள் தொழிலுக்கே உரிய சபலம். நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் முதல் பிரிவு தாயிடமிருந்து நேர்ந்ததல்ல, ஆயாவிடமிருந்து நேர்ந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

1930களின் பிற்பகுதியில் லண்டனில் ஒரு குழந்தைகள் ஆலோசனை நிலையத்தில் அவர் வேலை பார்த்தார். திருட்டுக்காக அங்கே கொண்டுவரப்பட்ட 44 சிறுவர் சிறுமியரின் வாழ்க்கையைத் தொகுத்து 1944இல் வெளியிட்டார். அவர்களில் 14 பேர் யாரிடமும் ஒட்டாதவர்கள், பாசமோ வெட்கமோ காட்டாதவர்கள். அந்த 14 பேரில் 12 பேர் சிறுவயதில் தாயையோ வளர்த்தவரையோ நீண்ட காலம் பிரிந்திருந்தவர்கள். குழந்தைகளைப் பேட்டி கண்டவரும் வகைப்படுத்தியவரும் அவரேதான் என்பதால், இன்றைய அளவுகோலில் இந்த ஆய்வு தேறாது. ஆனாலும் அந்தக் காலத்தில் குழந்தையின் கற்பனைகளை மட்டும் ஆராய்ந்துகொண்டிருந்த உளப்பகுப்பாய்வாளர்கள் நடுவே, வீட்டில் உண்மையில் என்ன நடந்தது என்று ஒருவர் கேட்டது பெரிய காரியம்.

அவருடன் சேர்ந்த ஜேம்ஸ் ராபர்ட்சனை எனக்கு இன்னும் பிடிக்கும். போர்க்காலத்தில் ஆனா ஃபிராய்டு நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தவர் அவர். குழந்தைகளிடம் கண்டதைத் துண்டு அட்டையில் எழுதிவைக்க வேண்டும் என்பது அங்கே எல்லா ஊழியர்களுக்கும் பொது விதி, கொதிகலன்காரருக்கும் விலக்கில்லை. கவனிக்கும் பழக்கம் அப்படித்தான் அவருக்கு வந்தது. 1952இல் அவர் எடுத்த படம், இரண்டரை வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமி சிறு அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்ததைக் காட்டுகிறது. பெரிய அழுகை ஒன்றும் இல்லை. முகத்தை அடக்கிக்கொள்கிறாள், பொம்மையை இறுக்கிக்கொள்கிறாள், தாய் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். “சமர்த்துக் குழந்தை” என்று வார்டில் பெயர் வாங்கக்கூடிய குழந்தை. அந்தச் சமர்த்துதான் நோய்க்குறி என்று ராபர்ட்சன் சொன்னபோது மருத்துவர்கள் கொதித்தார்கள். பெற்றோரை அனுமதித்தால் குழந்தை அழும், வார்டின் ஒழுங்கு கெடும் என்பது அவர்கள் வாதம். 1959இல்தான் பிளாட் குழுவின் அறிக்கை பெற்றோருக்குத் தடையற்ற அனுமதி வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நம் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். வார்டில் ஆள் துணையில்லாத கட்டிலைப் பார்ப்பது அரிது. கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் கூடை, ஃபிளாஸ்க், சுருட்டிய பாய். மேலே குழந்தையோடு ஒண்டிக்கொண்டு படுத்திருக்கும் அம்மா. அம்மா டீ வாங்கப் போனால் பக்கத்துக் கட்டில் ஆயா பார்த்துக்கொள்கிறார். இங்கிலாந்து படம் எடுத்து, குழு போட்டு, போராடிப் பெற்றது நமக்குத் தானாக வாய்த்தது. இதைப் பண்பாட்டுப் பெருமையாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. இதில் பாதி ஆள் பற்றாக்குறை தந்த வரம்: துணைக்கு ஒருவர் இல்லாவிட்டால் மருந்துச் சீட்டை யார் தூக்கிக்கொண்டு ஓடுவது?

ஆனால் அதையே சிகிச்சை முறையாக மாற்றியவர்களும் உண்டு. மனநல விடுதி என்றால் நோயாளியை உள்ளே தள்ளிப் பூட்டுவது என்றிருந்த காலத்தில், 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனை வளாகத்தில் டாக்டர் வித்யா சாகர் கூடாரம் அடித்துக் குடும்பத்தாரையும் தங்க வைத்தார். 1957இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியபோது, கனடாவிலிருந்து வந்திருந்த டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் காலத்திலேயே, நோயாளியோடு உறவினர் ஒருவர் தங்குவது சேர்க்கையின் பகுதியாகிவிட்டது. சமைப்பது, துவைப்பது, இரவில் தூங்காத மகனோடு விழித்திருப்பது எல்லாம் அங்கேயே. குடும்பத்திலிருந்து நோயாளியைப் பிரித்தால்தான் குணமாகும் என்று மேலைநாட்டு விடுதிகள் நம்பிய காலத்தில், பாகாயம் பிரிக்காமலே சிகிச்சை செய்தது. பௌல்பியின் மூன்று பாகப் பெருநூலின் முதல் பாகம் வருவதற்கு (1969) பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. நம் பாடத்திட்டத்தில் பௌல்பிக்கு ஒரு அலகு இருக்கிறது, பாகாயத்துக்கு ஒரு பத்தியாவது வேண்டாமா?

இனி இந்தக் கோட்பாட்டின் இன்னொரு முன்னோடி, மேரி எயின்ஸ்வொர்த். அவர் பெயரைச் சொன்னதும் மாணவர்கள் ‘ஸ்ட்ரேஞ்ச் சிச்சுவேஷன்’ என்பார்கள். அறிமுகமில்லாத அறை, பொம்மைகள், தாய், ஓர் அந்நியர். ஒரு வயதுக் குழந்தையைத் தாய் இருமுறை விட்டுப் போய்த் திரும்பி வருவார். மொத்தம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். தாய் போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைக்கொண்டு வகை பிரிப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அழுகை முக்கியமல்ல, முதன்மையாகப் பார்ப்பது தாய் திரும்பி வந்த அந்தக் கணத்தை. ஓடி வந்து ஒட்டி, சமாதானமாகி, மறுபடி பொம்மைக்குப் போகும் குழந்தை பாதுகாப்பாகப் பிணைந்தது. தாய் வந்ததைக் கண்டுகொள்ளாமல் விளையாட்டைத் தொடரும் குழந்தை விலகும் வகை. தூக்கினால் உதைத்து, இறக்கினால் கத்தி, ஆறாமலே தவிப்பது மூன்றாம் வகை. எந்த வழியும் தெரியாமல் உறைந்தோ சுழன்றோ போகும் நான்காம் வகையை மேரி மெயினும் ஜூடித் சாலமனும் 1980களில் சேர்த்தார்கள்.

திரும்பி வரும் அந்தக் கணத்தை ஆய்வகம் இல்லாமலும் பார்க்கலாம். ஜனவரியில் இங்கே ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்டிருப்பீர்கள்: இன்ன நிறச் சட்டை போட்ட குழந்தை அலுவலகத்தில் இருக்கிறது, பெற்றோர் உடனே வரவும். ஒரு முறை அந்த அலுவலக வாசலில் நின்று பாருங்கள். அதுவரை யாரோ வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீமை அழாமல் தின்றுகொண்டிருந்த பிள்ளை, அம்மாவைக் கண்ட பிறகுதான் வாய்விட்டு அழும். ஓங்கி அறைந்துவிட்டு உடனே அணைத்துக்கொள்ளும் அம்மாவும் உண்டு. பிள்ளை அடித்தவர் இடுப்பிலேயே முகத்தைப் புதைக்கும். அறைந்தாரே என்று நம் மாணவர் ஒருவர் நோட்டில் குறிப்பார். அணைப்பில் பிள்ளையின் உடம்பு தளர்ந்ததா, விறைத்ததா என்று பார்ப்பவர்தான் எயின்ஸ்வொர்த்தின் மாணவர்.

அந்த இருபது நிமிடம் புகழ்பெற்றுவிட்டது. அதற்குப் பின்னால் இருந்த உழைப்பை எல்லோரும் மறந்துவிட்டோம். பால்டிமோரில் எயின்ஸ்வொர்த்தும் குழுவினரும் 26 குடும்பங்களை, குழந்தை பிறந்த முதல் ஆண்டு முழுக்க, ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே போய் நான்கு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 72 மணி நேரம். ஆய்வகச் சோதனை, வீட்டில் கண்டதைச் சரிபார்க்க வந்த துணைக்கருவி. ஐம்பது நிமிட செஷனில் ஒருவருடைய ‘ஸ்டைலை’ அறுதியிட்டுவிடும் நாம் இந்த எண்ணைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதற்கும் முன்னால், 1954-55இல், எயின்ஸ்வொர்த் உகாண்டாவில் இருந்தார். கம்பாலாவைச் சுற்றிய கிராமங்களில் 26 குடும்பங்கள். பால் மறக்கடிக்கும் பருவத்தில் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துப் பாட்டி வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் அங்கே உண்டு என்று கேள்விப்பட்டு, அதை ஆராயத்தான் அந்தக் கிராமங்களுக்குப் போனார். போய்ப் பார்த்தால் வழக்கம் பெரும்பாலும் மறைந்துவிட்டிருந்தது. கேட்கும்போது எனக்கு நம் ஊர் நினைவு வரும். வேப்பங்கொழுந்தை அரைத்துப் பூசிப் பால் மறக்கடிப்பது, அடுத்த பிரசவம் நெருங்கும்போது மூத்ததை ஆயா வீட்டில் கொண்டுவிடுவது: இவற்றைக் கேட்டால் சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருப்பார். அப்படிப் போன குழந்தைகள் இன்று நாற்பது, ஐம்பது வயதில் எங்கள் அறைக்கு வருகிறார்கள். சிலர் அந்த ஆயா வீட்டை வாழ்நாளின் பொற்காலம் என்கிறார்கள். திரும்பி அம்மாவிடம் அழைத்து வந்ததுதான் அவர்களுக்குப் பிரிவு. சிலர் மத்தியானம் தூங்கி எழுந்தபோது அம்மா பஸ் ஏறிப் போய்விட்டிருந்ததை, அன்றைய வெயிலோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அனுப்பியது ஒரே வழக்கம்தான். அழவிடக் கூடாதே என்று சொல்லாமல் போனவர்கள், அழட்டும் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் என்ற வேறுபாடு ஐம்பது வயதிலும் தெரிகிறது.

இங்கேதான் கோட்பாட்டின் மீதான பெரிய விமரிசனம் வருகிறது. ஒரு தாய், ஒரு குழந்தை, ஒரு மூடிய அறை. நம் வீடு அப்படியா? 1988இல் வான் ஐசெண்டோர்ன், குரூனென்பெர்க் என்ற ஆய்வாளர்கள் எட்டு நாடுகளில் நடந்த 32 ‘ஸ்ட்ரேஞ்ச் சிச்சுவேஷன்’ ஆய்வுகளைத் தொகுத்தார்கள். நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் உள்ள வேறுபாடு அதிகம் என்று கண்டார்கள். நல்ல செய்தி. ஆனால் அந்த எட்டு நாடுகளில் இந்தியா இல்லை.

ஆய்வகம் போகாத இடத்துக்கு மானிடவியல் போயிருக்கிறது. மார்கரெட் டிராவிக் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1970களில் தமிழ்நாட்டுக்கு வந்து, கிராமத்துக் கூட்டுக் குடும்பம் ஒன்றோடு பழகி எழுதிய ‘நோட்ஸ் ஆன் லவ் இன் எ தமிழ் ஃபேமிலி’ 1990இல் வெளியானது. உளசிகிச்சை படிக்கிற தமிழ் மாணவர் எவரும் அதைப் படிக்காமல் பட்டம் வாங்கக் கூடாது என்பது என் கட்சி. அன்பின் குணங்கள் என்று அவர் அந்த வீட்டில் கண்டு பட்டியலிட்டவற்றைப் பாருங்கள்: அடக்கம், பழக்கம், கடுமை, அழுக்கு, பணிவு, எளிமை, அடிமை, மயக்கம். அன்பு என்றால் இதமான குரல், உடனுக்குடன் பதில், கண்ணோடு கண் என்று அளவுகோல் வைத்திருக்கும் ஒருவர் இந்தப் பட்டியலைக் கண்டால் திகைத்துப்போவார். தூங்கும் பிள்ளையைத் தாய் ஆசையோடு உற்றுப் பார்க்கலாகாது, தாயின் கண்ணே படும். தன் பிள்ளையைத் தானே மெச்சக் கூடாது. தங்கச்சி பிள்ளைக்கு முதலில் ஊட்டிவிட்டுத் தன் பிள்ளைக்குக் கடைசியில் ஊட்ட வேண்டும். “நீ யார் பிள்ளைடா?” என்று சீண்டி, எந்தப் பதில் சொன்னாலும் சிரிக்க வேண்டும். பாசம் இல்லாததால் அல்ல. மிகுந்திருப்பதால் மறைத்து, கலந்து, பலர் கையில் பிரித்துக் கொடுப்பது.

இதை வைத்துக்கொண்டு, பௌல்பி நமக்குப் பொருந்தமாட்டார் என்று சொல்லிவிடுவது சுலபம். மேடைக்கும் எடுபடும். நான் அதை ஏற்கவில்லை. பல கைகள் இருக்கும் வீட்டில் குழந்தை எல்லாக் கைகளையும் ஒன்றாகப் பாவிப்பதில்லை. இரவில் காய்ச்சல் அடித்தால் யாரைக் கேட்டு அழும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அது அம்மாவாக இல்லாமல் அத்தையாக, பெரியம்மாவாக, கல்யாணம் ஆகாத சித்தப்பாவாகக்கூட இருக்கலாம். எயின்ஸ்வொர்த்தும் உகாண்டாவில் தந்தையிடமும் பாட்டியிடமும் பற்று வைத்த குழந்தைகளைக் குறித்திருக்கிறார். பௌல்பிக்கு அது மின்னி.

நம் வீடுகளில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்த ஆள் போகும்போது. அத்தைக்குக் கல்யாணமாகிறது. வீடே கொண்டாட்டத்தில் இருக்கிறது. நாலு வயசுப் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டிருக்கிறார்கள். மறுநாள் அத்தை இல்லை. அது துக்கம் என்று யாருக்கும் தோன்றாது, பிள்ளைக்கு அம்மா இருக்கிறாளே! பாகப்பிரிவினை நடக்கிறது, பெரியம்மா வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று உத்தரவு. பாட்டி அமெரிக்காவில் இருக்கும் பேரனைப் பார்க்க ஆறு மாதம் விசாவில் போகிறார், இங்கே வளர்த்த பேத்தியை விட்டுவிட்டு. பதினைந்து ஆண்டு வீட்டில் வேலை செய்த அம்மாவை ஒரு சண்டையில் நிறுத்திவிடுகிறார்கள். எந்தப் படிவத்திலும் இந்தப் பிரிவுகளுக்கு இடமில்லை. நாங்கள் நிரப்பும் கேஸ் ஷீட்டில் தந்தை, தாய், உடன்பிறந்தோர் என்று கட்டம் போட்டிருக்கிறது. பல கைகளில் வளர்ந்தவர் பல பிரிவுகளைக் கண்டவர், அவற்றில் பெரும்பாலானவை யாரும் வந்து துக்கம் விசாரிக்காத பிரிவுகள். இதை நம் ஊரின் சிகிச்சையாளர் தானாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

தாய்மாரைப் பற்றி ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்துக்காக பௌல்பி 1951இல் எழுதிய அறிக்கை, போரில் வீடிழந்த குழந்தைகளையும் விடுதிகளில் வளர்ந்த குழந்தைகளையும் பற்றிய சான்றுகளில் எழுந்தது. அதைப் பகலில் வேலைக்குப் போகும் தாயின் தலையில் கட்டியது பெரும் அநியாயம். மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் 1972இலேயே அந்தச் சான்றுகளைப் பிரித்து அடுக்கிக் காட்டிவிட்டார். ஆனாலும் ஓ.எம்.ஆர். கம்பெனியிலிருந்து மாலை ஏழு மணிக்கு வந்து, “நான்தான் என் பிள்ளையைக் கெடுத்துட்டேனா?” என்று கேட்கும் பெண்கள் இன்னமும் வருகிறார்கள். 2017 முதல் மகப்பேறு விடுப்பு 26 வாரம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். தமிழக அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். காப்பகம் எத்தனை அலுவலகத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டியவர் அந்தத் தாய் மட்டுமா?

விடுதிகள் விஷயம் இன்னும் சிடுக்கானது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்துப் பள்ளிகளில் பத்தாவதிலிருந்தோ அதற்கு முன்பிருந்தோ தங்கிப் படித்து, மதிப்பெண் வாங்கி, சென்னையில் வேலைக்கு வந்த ஒரு தலைமுறை உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பெற்றோர் சந்திப்பு, டப்பாவில் முறுக்கு, அளந்து கொடுத்த போன் நேரம். அவர்களில் சிலர் இன்று மனைவி ஊருக்குப் போனால் ஒன்றும் தோன்றாமலும், திரும்பி வந்தால் இரண்டு நாள் எரிச்சலோடும் இருக்கிறார்கள். மனைவி ‘அவாய்டன்ட்’ என்கிறார். ராபர்ட்சனின் படத்துச் சிறுமி முகத்தைத் திருப்பிக்கொண்டது அவருக்குத் தெரிந்தால், வேறு மாதிரிப் பேசத் தொடங்கலாம். அதற்காக, விடுதி என்றாலே காயம் என்று நான் சொல்லவரவில்லை. பக்கத்துச் சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா பெயரில் கல்லூரி மாணவர் விடுதி இருக்கிறது. அதுபோன்ற ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளில் தங்கிப் படித்தவர்களில் பலருக்கு அதுதான் அவமானமில்லாமல் சாப்பிட்டுத் தூங்கிய முதல் இடம். எங்கிருந்து பிரிந்து எங்கே போனார் என்று இரண்டையும் கேட்காமல் பிரிவை மட்டும் எடைபோட முடியாது.

வீடே போய்விட்டால்? 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக அங்கே அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகம் தொடங்கப்பட்டது. கைக்குழந்தைகளும் அங்கே வந்து சேர்ந்தார்கள். கோட்பாட்டின்படி காப்பகம் நல்ல இடமல்ல. ருமேனியாவின் புக்கரெஸ்டில் 136 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு, இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன குழந்தைகளே அதிகம் தேறினார்கள் என்று காட்டுகிறது. நம் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் காப்பகத்தைக் கடைசி வழி என்றே சொல்கிறது. ஆனால் நாகையில் ஒன்று நடந்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணனும் அவர் மனைவியும் அந்தக் குழந்தைகளைப் பார்க்க அடிக்கடி போனார்கள். மாற்றலாகிப் போன பிறகும் போவதை நிறுத்தவில்லை. 2022இல் சுகாதாரத் துறைச் செயலாளராக இருந்தபோது, அங்கே வளர்ந்த ஒரு பெண்ணின் திருமணத்தை அவர் முன்னின்று நடத்தியது நாளேடுகளில் வந்தது. மக்கள் இதை இரக்கக் கதையாகப் படித்தார்கள். எனக்கு அதில் கண்ணில் பட்டது, மாற்றல் உத்தரவுக்குப் பிறகும் வந்ததுதான். அரசுப் பணியில் மாற்றல் என்பது, குழந்தையின் கண்ணில், ஆள் காணாமல் போவது. பத்தோடு பதினொன்றாக வந்து மிட்டாய் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகும் பிறந்தநாள் விருந்தாளிகளைக் காப்பகக் குழந்தைகள் எப்படி நடத்துகிறார்கள் தெரியுமா? முதல் நிமிடத்திலேயே யார் மடியிலும் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். பார்ப்பவர்கள், எவ்வளவு பாசம் என்று நெகிழ்வார்கள். தேர்ந்தெடுக்காத பாசம் எங்களைக் கவலைப்பட வைக்கும் பாசம்.

இனி சிகிச்சை அறைக்குள் வருவோம். மேரி மெயினும் அவர் மாணவர்களும் 1980களின் நடுவில் பெரியவர்களுக்கான ஒரு நேர்காணலை உருவாக்கினார்கள். சிறுவயதில் தாயுடனிருந்த உறவை விளக்க ஐந்து சொற்கள் கேட்பார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிகழ்ச்சி சொல்லச் சொல்வார்கள். மதிப்பிடுவது குழந்தைப் பருவம் இன்பமாக இருந்ததா என்பதை அல்ல, அதை ஒருவர் எப்படிச் சொல்கிறார் என்பதை. லண்டனில் பீட்டர் ஃபோனகியும் ஸ்டீல் தம்பதியும் கர்ப்பிணிகளை இப்படிப் பேட்டி கண்டு, பிறக்கவிருந்த குழந்தை ஒரு வயதில் எப்படிப் பிணைந்திருக்கும் என்று பார்த்தார்கள். நான்கில் மூன்று முறை பொருந்தியது. 1991இல் வந்த முடிவு. கொடுமையான சிறுவயதைக்கூடக் கோவையாகச் சொல்ல முடிந்தவர்களின் குழந்தைகள் பெரும்பாலும் பாதுகாப்பாகப் பிணைகிறார்கள். உளசிகிச்சைக்கு இதைவிடப் பெரிய உரிமைச்சீட்டு கிடையாது: நடந்ததை மாற்ற முடியாது, சொல்வதை மாற்ற முடியும்.

நம் ஊரில் அந்த ஐந்து சொற்களைக் கேட்டுப் பாருங்கள். “எங்க அம்மா தெய்வம்.” அடுத்தது? “தெய்வம்தாங்க.” மெயினின் கையேட்டின்படி இது இலட்சியப்படுத்தல், சந்தேகப்பட வேண்டிய அறிகுறி. இங்கே அது மரியாதை. அந்நியரிடம் தாயைக் குறை சொன்னால் பாவம் என்று வளர்க்கப்பட்டவரிடம், மூன்றாம் செஷனில் “உங்கள் அம்மா உங்களைப் புறக்கணித்தார்” என்று ஒரு இளம் ஆலோசகர் சொன்னால், நான்காம் செஷனுக்கு அவர் வரமாட்டார். காத்திருந்தால், தெய்வம் என்ற சொல்லுக்குக் கீழே ஒரு நிகழ்ச்சி வரும்: காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் வைத்த ஈரத்துணி, அல்லது ஈரத்துணி வைக்க யாரும் வராத மத்தியானம். எது வந்தாலும் அதுவரை மரியாதையைக் கலைக்காமல் இருக்கத் தெரிய வேண்டும்.

பௌல்பி 1988இல், தம் கடைசிக் காலத்தில், சிகிச்சையாளரின் முதல் வேலையாகச் சொன்னது நோயாளிக்குப் பாதுகாப்பான தளமாக இருப்பது. கேட்க இனிமையாக இருக்கிறது. நடைமுறையில் அதன் பொருள் மிகச் சாதாரணமானது: சொன்ன நேரத்தில் இருப்பது, சொல்லாமல் விடுப்பு எடுக்காமல் இருப்பது, இரவு பதினொரு மணி வாட்ஸ்அப்புக்கு ஒரு நாள் பதில் போட்டு மறுநாள் போடாமல் விடாதிருப்பது. “மேடம்” என்று தொடங்கியவர் சில மாதத்தில் “அக்கா” என்கிறார். அதைத் தடுக்க வேண்டியதில்லை, நம் மக்கள் நம்பிக்கையை உறவுப் பெயரால்தான் சொல்வார்கள். ஆனால் அக்கா என்று ஏற்றுக்கொண்டவர், தீபாவளிக்குப் பத்து நாள் ஊருக்குப் போவதை முன்வாரமே சொல்லியாக வேண்டும். திரும்பி வந்த முதல் செஷனில் அவர் தாமதமாக வந்தால், பணம் மறந்துவிட்டேன் என்றால், எல்லாம் சரியாகிவிட்டது இனி வரவேண்டாம் போலிருக்கிறது என்றால், அதைத் திரும்பிய தாயைப் பார்த்து முகம் திருப்பிய குழந்தையாகப் பார்க்கத் தெரிய வேண்டும். என் அனுபவத்தில் சிகிச்சையின் அசல் வேலை அந்த வாரத்தில்தான் நடக்கிறது.

ஓர் ஆளாகத்தான் அந்தத் தளம் இருக்க வேண்டும் என்றும் இல்லை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ராஜா அண்ணாமலைபுரத்தில், டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையம் இருக்கிறது. அழைத்தால் எந்தத் தன்னார்வலர் எடுப்பார் என்று தெரியாது. யாரோ ஒருவர் எடுப்பார், அறிவுரை சொல்லாமல் கேட்பார் என்பது தெரியும். பல கைகள் உள்ள வீட்டின் வேலையை ஓர் அமைப்பு செய்கிறது. ஆள் மாறினாலும் கேட்கும் முறை மாறாமலிருக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள், அதனால்தான் அது நடக்கிறது.

எங்கள் பயிற்சி முறையில் இது நடப்பதில்லை, இதைச் சொல்லித்தான் அமர வேண்டும். மருத்துவ உளவியல், ஆலோசனை உளவியல் மாணவர்கள் மருத்துவமனைகளுக்கும் காப்பகங்களுக்கும் பள்ளிகளுக்கும் போஸ்டிங் போகிறார்கள். சில வாரம், சில மாதம். ஒரு குழந்தை வாய் திறக்கும் நேரத்தில் போஸ்டிங் முடிகிறது; அடுத்த பேட்ச் வந்து, அதே குழந்தையிடம், உன் பெயர் என்ன, வீட்டில் யார் யார் என்று முதலிலிருந்து தொடங்குகிறது. கேஸ் ரெக்கார்டில் இத்தனை செஷன் முடிந்தது என்று கையெழுத்தாகிறது. போகிறேன் என்று சொன்னாரா, எப்போது சொன்னார், குழந்தை என்ன செய்தது என்று எழுத அதில் இடமில்லை. ஆகவே துறைத்தலைவர்களிடம் என் கோரிக்கை இதுதான். முதல் செஷனிலேயே கடைசி நாளின் தேதியைச் சொல்வதைக் கட்டாயமாக்குங்கள். கடைசி இரண்டு செஷன்களில் அடுத்து வருபவரும் கூட உட்காரட்டும். காப்பகத்தில் போஸ்டிங் என்றால் ஒரு பேட்ச் ஒரு குழந்தையோடு குறைந்தது ஒரு கல்வியாண்டாவது இருக்கட்டும். அதற்கு ஏற்பாடு செய்ய முடியாவிட்டால் காப்பகத்துக்கு மாணவர்களை அனுப்ப வேண்டாம், அங்கே ஆண்டுக்கணக்கில் இருக்கும் வார்டன் அம்மாவுக்கும் சமையல்கார அக்காவுக்கும் நம் பயிற்சியைக் கொடுக்கலாம். ரெக்கார்டில் விடைபெறுதல் என்று ஒரு பக்கம் சேர்த்து, அதற்கும் மதிப்பெண் போடுங்கள். வரும் ஜூனில் புதிய பேட்ச் வருவதற்குள் இதைச் செய்துவிட முடியும்.